லோப்பென் எண்டால் நடக்கிறதா, ஓடுறதா? டச்சு வினை ஒண்டின்ர பொருள், வேர், திரிபு

பரந்தன்சந்தி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஒல்லாந்தில இருக்கிற மனுசனிட்டப் போறதுக்காக டச்சு அடிப்படைப் பரீட்சைக்குப் படிக்கிறன். ஏ1 எண்ட தொடக்க நிலை. பேச்சு, வாசிப்பு, சமூக அறிவு எண்டு மூண்டு பகுதி. மற்றச் சொல்லுகள் ஒருமாதிரிப் பிடிபட்டிட்டுது. ஒரு வினை மட்டும் போற இடமெல்லாம் வேற பொருளோட நிக்குது. டச்சில எல், ஓ, பி, ஈ, என் எண்டு எழுதுறது: லோப்பென்.

பாடப்புத்தகம் "நடத்தல்" எண்டு போட்டிருக்கு. பெல்ஜியத்தில இருக்கிற சொந்தக்காரர் அது "ஓடுறது" எண்டு அடிச்சுச் சொல்லினம். ஜேர்மன் படிச்ச ஒராள், அங்கயும் இதே சொல் "லௌஃபென்" எண்டு இருக்கு, அதுவும் ஓடுறதுதான் எண்டார். பயிற்சித்தாளில மணிக்கூட்டுக்கும் இந்தச் சொல்தான் வருது, பாஸ்போட்டுக்கும் இந்தச் சொல்தான் வருது.

உண்மையில இதுக்கு என்ன பொருள்? சில இடத்தில ஒரு ஓ, சில இடத்தில ரெண்டு ஓ எழுதுகினம், அது ஏன்? இறந்தகாலம் "லீப்" எண்டு எங்கயோ போய் நிக்குது. முடிஞ்ச காலத்தில துணைவினையா "ஹெப்" போடுறதா "பென்" போடுறதா? தெரிஞ்ச ஆக்கள் ஆறுதலாச் சொல்லித் தாங்கோ.

---

வவுனியா_டச்சு எழுதியது:

வணக்கம் தங்கச்சி. நல்ல சொல்லாத்தான் பிடிச்சிருக்கிறீங்கள். இந்த ஒண்டை ஒழுங்காப் படிச்சால் டச்சு வினைகளின்ர பாதிக் குணம் தெரிஞ்சிடும்.

முதல்ல ஒலி. தமிழில எழுதேக்க இனி "ஃக" எண்டு போடுறது டச்சின்ர "ஜி" எழுத்தும் "சி, எச்" சேர்ந்து வாறதும். "எஃகு" எண்டு சொல்லேக்க தொண்டையில உரசி வருமே, அந்த ஒலி. "க" எண்டு தனியா இருந்தால் சாதாரணக் க. லோப்பென்னில கடைசி "ன்" எழுத்தில இருக்கு, ஆனால் ஒல்லாந்தின்ர பெரும்பகுதியில வாயில வராது, "லோப்பெ" எண்டுதான் கேக்கும். கிழக்கிலயும் வடகிழக்கிலயும் நேர்மாறு: அங்க "எ"யை விழுங்கி "லோப்ம்" எண்டு முடிப்பினம். பரீட்சையில "லோப்பெ" எண்டு சொன்னால் ஒரு பிழையும் இல்லை.

இனிப் பொருள். ஒல்லாந்து வழக்குக்கு இப்பிடி வைச்சுக்கொள்ளுங்கோ. காலுள்ளது போனால் "நட". காலில்லாதது இயங்கினால் "ஓடு". வேகம் இந்தச் சொல்லுக்குள்ள இல்லை.

"இக் லோப் நார் டெ மார்க்ட்": நான் சந்தைக்கு நடக்கிறன்.
"டெ மோட்டொர் லோப்ட்": எஞ்சின் ஓடுது.
"டெ க்ளொக் லோப்ட் வெய்ஃப் மினூட்டென் அஃக்டெர்": மணிக்கூடு அஞ்சு நிமிசம் பிந்தி ஓடுது.
"டெ ஆ நேஃகென் லோப்ட் வான் கண்டி நார் யாப்னா": ஏ9 வீதி கண்டியில இருந்து யாழ்ப்பாணத்துக்கு ஓடுது.
"மெய்ன் நோஸ் லோப்ட்": மூக்கால தண்ணி ஓடுது.

மூண்டாவது வகை, காலமும் அலுவலும். இதில தமிழும் திரும்ப "நட"வுக்கு வந்திடும். "ஹெட் லோப்பென்டெ யார்" எண்டால் நடப்பாண்டு. "லோப்பென்டெ ரேக்கெனிங்" எண்டால் வங்கியில நாங்கள் நடைமுறைக் கணக்கு எண்டு சொல்லுறது. அலுவல் நல்லா நடக்குது எண்டதுக்கு "ஹெட் லோப்ட் ஃகூட்".

எங்கட ஆக்கள் விழுற குழி ரெண்டு இருக்கு. பஸ் ஓடுது, ரெயின் ஓடுது, மோட்டர்சைக்கிள் ஓடுறன் எண்டு தமிழில எல்லாத்துக்கும் "ஓடு" போடுறம். டச்சில சில்லுள்ள வாகனத்துக்கு லோப்பென் வராது, "ரெய்டென்" தான். பஸ் "ரெய்ட்", பஸ்ஸின்ர எஞ்சின் "லோப்ட்". பிரிப்பு அவ்வளவு துல்லியம். தியேட்டரில படம் ஓடுறதுக்கும் லோப்பென் இல்லை, "ட்ராயென்", அதாவது சுத்துறது. மற்றக் குழி, ஆளைப் பார்த்து "எப்பிடி ஓடுது?" எண்டு கேக்கிறது. ஆளிட்ட சுகம் விசாரிக்கேக்க "ஹூ ஃகாட் ஹெட்?" எண்டு "போ" எண்ட வினையாலதான் கேக்க வேணும். "ஹூ லோப்ட் ஹெட்?" எண்டால் ஒரு வேலையோ திட்டமோ எப்பிடி நகருது எண்ட கேள்வியா மாறிடும்.

உண்மையா ஓடுறதுக்கு ரெண்டு சொல். பஸ்ஸைப் பிடிக்க ஓடினால், நாய் கலைச்சு ஓடினால் "ரென்னென்". உடற்பயிற்சிக்கு ஓடினால் "ஹார்ட்லோப்பென்". காத்து வாங்க உலாத்தினால் "வன்டெலென்". கடைக்குப் போய்ச் சேருறதுக்கு நடந்தால் லோப்பென், குளக்கட்டில பின்னேரம் சும்மா நடந்தால் வன்டெலென்.

திரிபு, நிகழ்காலம்:

இக் லோப் (நான்)
யெய் லோப்ட் (நீ)
ஊ லோப்ட் (நீங்கள், மரியாதை, உதட்டைக் குவிச்சுக்கொண்டு "ஈ" சொன்னால் வாற ஒலி)
ஹெய், ஸெய், ஹெட் லோப்ட் (அவன், அவள், அது)
வெய், யுல்லி, ஸெய் லோப்பென் (நாங்கள், நீங்கள் பலர், அவை)

இறந்தகாலம் ரெண்டே வடிவம். ஒருமைக்கு எல்லாம் "லீப்", பன்மைக்கு எல்லாம் "லீப்பென்". முடிஞ்ச வடிவம் "ஃகெலோப்பென்". ஏவல் "லோப்!" வழி சொல்லேக்க இதுதான் வரும்: "லோப் ரெஃக்ட்டோர், டன் லிங்க்ஸ்", நேர நடவுங்கோ, பிறகு இடப்பக்கம்.

நிகழ்காலத்தில கவனிக்க வேண்டியது "யெய்". எழுவாய் முன்னுக்கு நிண்டால் "யெய் லோப்ட்". கேள்வியில பின்னுக்குப் போனால் "ட்" விழுந்திடும்: "லோப் யெய்?" "யெ" எண்டு குறுக்கினாலும் அப்பிடித்தான்: "லோப் யெ மே?", கூட வாறியா? ஆனால் மரியாதை "ஊ"வுக்கு "ட்" விழாது: "லோப்ட் ஊ?" அவன், அவளுக்கும் விழாது.

எழுத்துக்கூட்டல். டச்சில அசை உயிரில முடிஞ்சால் நெடிலுக்கு ஒரு எழுத்துப் போதும். மெய்யில முடிஞ்சால் ரெண்டு எழுத்து வேணும். "லோ + பென்" எண்டு பிரிக்கேக்க முதல் அசை "லோ", உயிரில முடியுது, ஒரு ஓ. "லோப்", "லோப்ட்" ஒரே அசை, "ப்" வந்து மூடுது, ரெண்டு ஓ. ஒலியில ஒரு வித்தியாசமும் இல்லை.

இதில தமிழர் விடக்கூடிய ஒரு பிழை இருக்கு. தமிழில வல்லின ஒலி வர "ப்ப" எண்டு இரட்டிச்சு எழுதுறம். அந்தப் பழக்கத்தில டச்சிலயும் "பி"யை ரெண்டு தரம் போட்டிடுவினம். போட்டால் முன்னுக்கு நிக்கிற ஓ குறிலாகி "லொப்பென்" எண்டு வாசிக்கப்படும். பி ஒண்டே ஒண்டு.

---

மல்லாவி_அன்ட்வெர்ப்பன் எழுதியது:

தங்கச்சி, உங்கட பெல்ஜியச் சொந்தக்காரர் சொன்னதும் சரி. டச்சு கதைக்கிற வடபகுதி, ஃப்ளாண்டர்ஸ், அங்க லோப்பென் எண்டால் ஓடுறதுதான். பிள்ளையள் பள்ளிக்கூட விறாந்தையில ஓடினால் ஆசிரியர் "நீட் லோப்பென்!" எண்டு கத்துவா. ஓடாதேங்கோ எண்டு பொருள். ஒல்லாந்துக்காரர் கேட்டால், நடக்காமல் பிள்ளையள் என்ன பறக்கிறதோ எண்டு யோசிப்பினம்.

நடக்கிறதுக்கு இங்க "ஸ்டப்பென்" எண்டு சொல்லுவினம், இல்லாட்டி "டெ வூட் ஃகான்", காலால போறது. ஆனால் அந்த ஸ்டப்பென்னை அப்பிடியே ஒல்லாந்துக்குக் கொண்டு போனால் அங்க அதுக்கு இரவில வெளியால போய்க் கூத்தடிக்கிற பொருள் இருக்கு. நீங்கள் ஒல்லாந்துக்குத்தான் போறீங்கள், ஒல்லாந்து வழக்கையே பிடியுங்கோ. பரீட்சையும் அதில்தான்.

மணிக்கூடு, எஞ்சின், வீதி, அலுவல், இந்தப் பொருளெல்லாம் ரெண்டு நாட்டிலயும் ஒண்டு. காலால போறதில மட்டும்தான் பிரிவு.

ஜேர்மனிலயும் இதே மாதிரி இழுபறி இருக்கு. லௌஃபென் வடக்கில ஓடவும் நடக்கவும் வரும். தென்மேற்கிலயும் சுவிஸிலயும் அன்றாடப் பேச்சில அது பெரும்பாலும் நடக்கிறது. சுவிஸ்காரர் ஓடுறதுக்கு "பாய்" எண்ட பொருளுள்ள "ஷ்பிரிங்கெ" எண்ட சொல்லை எடுப்பினம். அதால மூண்டு நாட்டில மூண்டு சொந்தக்காரர் மூண்டு விதமாச் சொன்னால் ஆரும் பொய் சொல்லேல்லை.

---

பழஞ்சுவடி_மன்னார் எழுதியது:

"லீப்" ஏன் எங்கயோ போய் நிற்கிறது என்ற கேள்விக்கும், ஏன் ஒரு நாட்டில் நடையும் மற்ற நாட்டில் ஓட்டமும் என்ற கேள்விக்கும் வேரில் விடை இருக்கிறது.

ஜெர்மானிய மொழிகளின் மூலமொழியில் இது "ஹ்லௌபன்" என்ற மாதிரி இருந்திருக்க வேண்டும். அதன் பழைய கிளையான கோதிக் மொழியிலும் ஹ்லௌபன் தான். பொருள் பாய்தல், ஓடுதல். முன்னுக்கு நின்ற "ஹ்" பின்னர் ஐஸ்லாந்து மொழி தவிரப் பெரும்பாலான இடங்களில் தேய்ந்து போனது. ஆங்கிலத்தில் பாய்தலைக் குறிக்கும் "லீப்" இதன் நேர்ச் சகோதரம். ஜேர்மன் லௌஃபென், சுவீடியம் லோப்பா, டேனிஷ் லோபெ எல்லாம் ஒரே குடும்பம். ஆகவே ஃப்ளாண்டர்ஸ்காரர் வைத்திருப்பது பழைய பொருள். ஒல்லாந்தில் அது மெல்ல மெல்ல வேகம் குறைந்து நடையானது. ஓட்டம் என்ற பொருள் வெறுமையானபோது அதை நிரப்பத்தான் "ஹார்ட்" சேர்த்து ஹார்ட்லோப்பென் வந்தது. "ஹார்ட்" என்பதற்கு இங்கே வேகம் என்று பொருள்.

ஜேர்மன் தெரிந்தவர்களுக்கு இரண்டு ஒலி விதி உதவும். ஜேர்மனில் "ஔ" உள்ள பல சொற்களுக்கு டச்சில் "ஓ" வரும்: பௌம் / போம் (மரம்), கௌஃபென் / கோப்பென் (வாங்கு), லௌஃபென் / லோப்பென். ஜேர்மனில் சொல்லின் உள்ளே "ஃப்" இருந்தால் டச்சில் பல இடத்தில் "ப்": ஹெல்ஃபென் / ஹெல்ப்பென் (உதவு), ஷிஃப் / ஸ்ஃகிப் (கப்பல்). லோப்பென்னில் இரண்டு விதியும் ஒன்றாக வேலை செய்கிறது.

லீப்புக்கு வருவோம். இந்த வகை வினைகள் ஒரு காலத்தில் சொல்லின் முதல் ஒலியை இரட்டித்து இறந்தகாலம் காட்டின. கோதிக்கில் அது அப்படியே பதிவாகியிருக்கிறது: ஹைட்டன் (அழை), இறந்தகாலம் ஹெஹைட். டச்சு, ஜேர்மன் போன்ற மேற்கு மொழிகளில் அந்த இரட்டிப்பு இல்லை. அந்த இடத்தில் உயிரொலி மட்டும் மாறி "ஈ" நிற்கிறது. தனியாக லீப்பை மனப்பாடம் பண்ணாமல் கூட்டமாகப் பிடியுங்கள்:

ஸ்லாப்பென், ஸ்லீப் (தூங்கு)
ரூப்பென், ரீப் (கூப்பிடு)
லாட்டென், லீட் (விடு)
வல்லென், வீல் (விழு)
லோப்பென், லீப்

நிகழ்கால வடிவத்தில் உயிர் என்னவாக இருந்தாலும் இறந்தகாலத்தில் "ஈ". முடிந்த வடிவத்தில் பழைய உயிர் திரும்பி வந்துவிடும்: ஃகெஸ்லாப்பென், ஃகெரூப்பென், ஃகெலாட்டென், ஃகெவல்லென், ஃகெலோப்பென். கோப்பென் மட்டும் லோப்பென்னோடு எதுகையாக இருந்துகொண்டு ஏமாற்றும். அதன் இறந்தகாலம் "கொஃக்ட்". "கீப்" என்று ஒன்று இல்லை.

ஒலியில் ஒரு சிறு விடயம். லீப் என்று எழுதினாலும் டச்சுக்காரர் வாயில் அந்த "ஈ" நீளாது. நாக்கு ஈயின் இடத்தில், நேரம் இகரத்தின் அளவு. "ர்" முன்னால் வந்தால்தான் உண்மையில் நீளும். தமிழ் ஈ போல இழுத்தால் விளங்கும், ஆனால் வேற்று ஆள் என்று உடனே தெரியும்.

பழைய ஆவணம் வாசிக்கிறவர்களுக்கு இன்னொரு குறிப்பு. 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைக்குப் போனதிலிருந்து 18ஆம் நூற்றாண்டு முடிவு வரை எழுதப்பட்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனிக் கடிதங்களில் இந்த வினை இரண்டு ஓவோடு வருவதே வழக்கம். 1934இல் பாடசாலைகளுக்கு வந்து 1947இல் சட்டமான எழுத்துச் சீர்திருத்தம்தான் ஒரு ஓவை வெட்டியது. அதற்கு முன்னிருந்த 19ஆம் நூற்றாண்டு விதியில் "ஔ"விலிருந்து வந்த ஓவுக்கு, உயிரில் முடியும் திறந்த அசையிலும் இரண்டு எழுத்து, மற்ற ஓவுக்கு ஒன்று. அதனால் லோப்பென், கோப்பென் இரண்டுக்கும் இரட்டை, ஹோப்பென் (நம்பியிரு) என்பதற்கு ஒற்றை. எழுத்தைப் பார்த்தே வேர் சொல்லலாம். டச்சு மொழியின் பெரிய வரலாற்று அகராதியில் (1864 முதல் 1998 வரை வெளிவந்தது) தலைச்சொல் பழைய எழுத்தில்தான் இருக்கிறது. ஆவணங்களை மின்வடிவில் தேடும்போது ஒற்றை ஓ, இரட்டை ஓ இரண்டையும் போட்டுத் தேட வேண்டும், இல்லாவிட்டால் பெரும்பகுதி தவறிவிடும்.

பொருளிலும் அவதானம். இன்று "ஆஃப்லோப்பென்" என்றால் முடிவடைதல். அந்தக் காலத்தில் ஒரு கப்பலை "ஆஃப்லோப்பென்" செய்தார்கள் என்று வந்தால், அதைத் திடீரெனத் தாக்கிப் பிடித்தார்கள் என்று பொருள். இன்றைய பொருளை வைத்து வாசித்தால் ஒரு தாக்குதலே பக்கத்திலிருந்து காணாமல் போய்விடும்.

---

பரந்தன்சந்தி எழுதியது:

கோடி நன்றி எல்லாருக்கும். ஸ்லீப், ரீப், லீட், வீல், லீப் எண்டு ஒரு மூச்சில சொல்லிப் பார்த்தன், நிக்குது.

பழஞ்சுவடி ஐயா, ஒல்லாந்தர் இஞ்ச அவ்வளவு காலம் இருந்தவை, இந்த வினையில இருந்து எங்கட தமிழுக்கு ஏதும் வந்ததோ?

மற்றது பென், ஹெப் பிரச்சினையும் பாஸ்போட்டும் இன்னும் மிச்சம்.

---

பழஞ்சுவடி_மன்னார் எழுதியது:

அவர்களிடமிருந்து நாங்கள் எடுத்தது பொருள்களின் பெயர்கள்: கந்தோர் (அலுவலகம்), நொத்தாரிசு, லாச்சி (மேசை இழுப்பறை), போஞ்சி (பீன்ஸ்). லாச்சியும் போஞ்சியும் பாருங்கள். டச்சில் சிறியதைக் காட்ட "ட்யெ" என்ற விகுதி சேர்ப்பார்கள். "லாட்யெ" லாச்சி ஆனது, "போன்ட்யெ" போஞ்சி ஆனது. விகுதியும் சேர்ந்தே எங்கள் சமையலறைக்கு வந்துவிட்டது. திரிபோடு வரும் வினையை எடுத்து எங்கள் விகுதியில் பூட்டுவது கடினம். பெயர்ச்சொல்லுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

---

வவுனியா_டச்சு எழுதியது:

பென், ஹெப். போய்ச் சேர்ந்த இடமோ திசையோ வாக்கியத்தில இருந்தால் "பென்" குடும்பம் (பென், பென்ட், இஸ், ஸெய்ன்). எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் எண்டு செயலை மட்டும் அளந்தால் "ஹெப்" குடும்பம் (ஹெப், ஹெப்ட், ஹேஃப்ட், ஹெப்பென்).

"இக் பென் நார் டெ மார்க்ட் ஃகெலோப்பென்": சந்தைக்கு நடந்து போயிட்டன். இடம் மாறியாச்சு.
"இக் ஹெப் ட்வே கிலோமேட்டர் ஃகெலோப்பென்": ரெண்டு கிலோமீற்றர் நடந்தன். அளவு மட்டும்.

எஞ்சினுக்கும் அப்பிடித்தான். அது ஒரு மணித்தியாலம் ஓடினால் "ஹேஃப்ட்", ஏனெண்டால் எஞ்சின் நிண்ட இடத்திலயே நிக்குது. ஹார்ட்லோப்பென்னுக்கும் சாதாரணமா ஹெப்: "இக் ஹெப் ஹார்ட்ஃகெலோப்பென்". நடுவில "ஃகெ" நுழையிறதைக் கவனியுங்கோ.

ஹார்ட்லோப்பென்னை நிகழ்காலத்தில உடைச்சு "இக் லோப் ஹார்ட்" எண்டால், பயிற்சிக்கு ஓடுறன் எண்டும் விளங்கும், வேகமா நடக்கிறன் எண்டும் விளங்கும். அதால "இக் ஃகா ஹார்ட்லோப்பென்" எண்டு "போறன்" சேர்த்துச் சொல்லுறதுதான் வழக்கம்.

பாஸ்போட்டில வாறது "வெர்லோப்பென்". காலாவதியாயிட்டுது எண்டு பொருள்: "மெய்ன் பாஸ்போர்ட் இஸ் வெர்லோப்பென்". "வெர்" ஒட்டினால் அது வினையில இருந்து பிரியாது, "ஃகெ"யும் சேராது. அதால முழுவடிவமும் முடிஞ்ச வடிவமும் எழுத்தில ஒண்டு. அழுத்தம் "லோ"வில விழும். "ஆஃப்லோப்பென்" பிரியும். அழுத்தம் "ஆஃப்"பில: "டெ ஃபில்ம் லோப்ட் ஓம் டீன் ஊர் ஆஃப்", படம் பத்து மணிக்கு முடியும். "ஊர்" எண்டால் அவையிட மொழியில மணி. பிரியிற வினையில அந்த முன்துண்டு வாக்கியத்தின்ர கடைசிக்குப் போயிடும், கடைசி வரை கேட்டுத்தான் பொருள் முடிவாகும்.

---

முல்லை_மொழிபெயர்ப்பு எழுதியது:

இந்த முன்துண்டுகள்தான் லோப்பென்னின்ர பெரிய சொத்து. மெசின், தண்ணி, வயல் விசயத்தில வாற ஆறேழை மட்டும் சொல்லுறன், வன்னியில இருக்கிற ஆக்களுக்கு இதுகள் கெதியில மனதில ஒட்டும்.

ஓவெர்லோப்பென்: நிரம்பி வழியிறது. வாளிக்கும் சொல்லலாம், இரணைமடுக் குளம் வான் பாயுற மாதிரியான காட்சிக்கும் விளங்கும்.
ஒன்டெர்லோப்பென்: தண்ணி மூடுறது. "டெ ரெய்ஸ்ட்வெல்டென் ஸெய்ன் ஒன்டெர்ஃகெலோப்பென்", வயலெல்லாம் வெள்ளத்துக்குள்ள போயிட்டுது.
வொல்லோப்பென்: தொட்டி நிரம்பிறது.
லேஃக்லோப்பென்: உள்ள இருக்கிறது வெளியேறி வெறுமையாகிறது. ரயர் காத்துப் போனால் "டெ பன்ட் இஸ் லேஃக்ஃகெலோப்பென்".
வார்ம்லோப்பென்: எஞ்சின் ஓடிச் சூடேறுறது.
வஸ்ட்லோப்பென்: இறுகி நிண்டுபோறது. எண்ணெய் இல்லாமல் ஓடி பிஸ்டன் பிடிச்சால் "டெ மோட்டொர் இஸ் வஸ்ட்ஃகெலோப்பென்". கொம்பியூட்டர் உறைஞ்சு நிண்டாலும் இதே சொல். பேச்சுவார்த்தை முட்டி நிண்டாலும் இதே சொல்.

எல்லாத்திலயும் "இஸ்" வருது, "ஹேஃப்ட்" வரேல்லை. காரணம், இதுகள் நிலை மாற்றத்தைச் சொல்லுது. முன்னம் காத்து இருந்தது, இப்ப இல்லை. வவுனியா அண்ணை சொன்ன விதியின்ர நீட்சிதான் இது.

"டோர்லோப்பென்" கொஞ்சம் ஆபத்தானது. அழுத்தத்தை "டோர்"இல போட்டால் தொடர்ந்து நட எண்ட பொருள், பிரியும். பொலிஸ்காரர் கூட்டத்தைப் பார்த்து "டோர்லோப்பென்!" எண்டுவினம். அழுத்தத்தை "லோ"வில போட்டால் ஒரு படிப்பையோ நடைமுறையையோ முழுக்கக் கடந்து வாறது, பிரியாது, "ஃகெ"யும் இல்லை. எழுத்து ரெண்டுக்கும் ஒண்டுதான்.

போன பிறகு அடிக்கடி காதில விழும் ஒண்டு "ஸ்டாஷெ லோப்பென்", தொழிற்பயிற்சி செய்யிறது. இதில நடையும் இல்லை, ஓட்டமும் இல்லை. சேர்த்தே பாடமாக்க வேணும்.

இன்னொண்டு, இது ஏ1இல கேக்க மாட்டினம், ஆனால் வீட்டில கேப்பீங்கள். "ஹெய் லோப்ட் டெ ஸிங்கென்" எண்டால் பாடிக்கொண்டு திரியிறான். லோப்பென் இங்க தமிழின்ர "கொண்டிரு", "திரி" மாதிரித் துணைவினையா வேலை செய்யுது. முடிஞ்ச காலத்தில "டெ" விழுந்து "ஃகெலோப்பென்"னும் விழுந்து ரெண்டு முழுவினை பக்கத்தில பக்கத்தில நிக்கும்: "இக் ஹெப் லோப்பென் ஸூக்கென்", தேடிக்கொண்டு திரிஞ்சன். இதில சில நேரம் சலிப்பும் தொனிக்கும், ஆளைப் பார்த்துப் பாவியுங்கோ.

---

பரந்தன்சந்தி எழுதியது:

அஞ்சு வாக்கியம் எழுதிப் பார்த்திருக்கிறன். திருத்தி விடுவீங்களோ?

1. லோப்ட் யெய் நார் ஸ்ஃகோல்?
2. டெ பஸ் லோப்ட் நார் வவுனியா.
3. இக் ஹெப் நார் ஹெட் ஸ்டஷொன் ஃகெலோப்பென்.
4. மெய்ன் பாஸ்போர்ட் இஸ் ஆஃப்ஃகெலோப்பென்.
5. ஃகிஸ்டெரென் லோப்டென் வெய் நார் டெ மார்க்ட்.

---

வவுனியா_டச்சு எழுதியது:

1. "ட்" எடுங்கோ. யெய் பின்னுக்கு வந்திட்டுது: "லோப் யெய் நார் ஸ்ஃகோல்?"

2. பஸ்ஸுக்குச் சில்லு இருக்கு, "ரெய்ட்" போடுங்கோ.

3. ஸ்டேசன் எண்ட இடம் இருக்கு, "பென்". பேச்சில சில டச்சுக்காரரே இதில "ஹெப்" சொல்லுறதைக் கேப்பீங்கள். அதைப் பார்த்து நீங்கள் மாத்தாதேங்கோ.

4. படம், பாடம், கூட்டம் முடிஞ்சால் "ஆஃப்ஃகெலோப்பென்". பாஸ்போட், விசா, பஸ் ரிக்கெற் காலாவதியானால் "வெர்லோப்பென்". கந்தோர் படிவங்களில ரெண்டாவதுதான் வரும்.

5. இதுதான் கூடுதலாக் கவனிக்க வேண்டியது. "லோப்டென்" எண்டு ஒரு வடிவம் டச்சில இல்லை. சாதாரண வினைக்கு "டெ"யோ "டென்"னோ ஒட்டி இறந்தகாலம் ஆக்கிற பழக்கத்தில கை தானாப் போகும், டச்சுச் சின்னப் பிள்ளையளும் இப்பிடித்தான் தொடங்குவினம். "நாங்கள்" பன்மை, அதால "ஃகிஸ்டெரென் லீப்பென் வெய் நார் டெ மார்க்ட்." "நேத்து" முன்னுக்கு வந்ததால வினை ரெண்டாமிடத்தில, எழுவாய் அதுக்குப் பின்னால. அந்த ஒழுங்கைச் சரியாப் போட்டிருக்கிறீங்கள். பேச்சுப் பகுதியில, நேத்து நடந்த ஒரே ஒரு அலுவலைச் சொல்லுறதெண்டால் "ஃகிஸ்டெரென் ஸெய்ன் வெய் நார் டெ மார்க்ட் ஃகெலோப்பென்" எண்டு முடிஞ்ச வடிவத்தில சொல்லுங்கோ, பேச்சில டச்சுக்காரர் அதைத்தான் கூடப் பாவிக்கினம். லீப்பென், கதை சொல்லேக்கயும், வழக்கமா நடந்ததைச் சொல்லேக்கயும், வாசிப்புப் பகுதியிலயும் கூட வரும். நாளைக்கு இந்த அஞ்சையும் கேள்வியா மாத்தி எழுதிப் போடுங்கோ, "யெய்" உம் "ஊ"வும் ரெண்டும் வாற மாதிரி.